ஐந்தாவது காரின் அழுக்கு

என் மருமகள் பொய்ப்பல் செய்கிறவள். இதைச் சொன்ன மாத்திரத்தில் பலர் உதட்டை இறுக மூடிக்கொள்கிறார்கள். அவள் பார்வை நேராக வாய்க்குத்தான் போகும் என்று பயம். நியாயமான பயம்தான். முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே என் கீழ்வரிசையைப் பார்த்துவிட்டு, "அத்தை, இடது பக்கம் ஒண்ணு கட்டின பல்லுதானே? யாரு செஞ்சது? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெச்சிருக்காங்க" என்று கேட்டவள் அவள். பல வருடங்களாக யாருக்கும் தெரியாமல் நான் காப்பாற்றிவந்த ரகசியம் அது. இவளை வெளியே உலவ விடுவதைவிட மருமகளாக உள்ளே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறை, அதுதான் அவளுடைய பல் லேப். மெழுகு வாசனை, மெருகேற்றும் மோட்டாரின் இரைச்சல், மேஜை மேல் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் ஆளில்லாத தாடைகள். அங்கே அவளுக்குப் பெயர் "கறை அக்கா". செய்து முடித்த பல்லுக்குக் கறை போடுவது அவள் பொறுப்பு. பல் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் எல்லாருமே காகிதம் போல வெள்ளையாகத்தான் கேட்பார்கள். இவள் போய் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள், பேச்சுக் கொடுப்பாள், திரும்பி வந்து நாலைந்து மயிரே உள்ள தூரிகையை எடுப்பாள். பல்லிடுக்கில் ஒரு தேநீர்க் கறை, ஓரத்தில் மங்கலாய் ஒரு மஞ்சள், முன்பல்லில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் கட்டிய மனைவிக்கே சந்தேகம் வராது. அவள் செய்த பல் செட் ஒன்றுக்கு, கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும்போதே பல்வலி வந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

அவள் கணவன், அதாவது என் மகன், இதற்கு நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அறுவை அறையிலிருந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, கிருமி நீக்கி, மறுபடி உள்ளே அனுப்பும் பிரிவில் வேலை. கறை என்றால் அவனுக்குச் சொந்தப் பகை. எங்கள் வீட்டு டீ வடிகட்டியை வைத்து யாருக்கும் தைரியமாக ஆபரேஷன் செய்யலாம். ஆக, ஒருத்தி கறை போட்டுச் சாப்பிடுகிறாள், ஒருவன் கறை எடுத்துச் சாப்பிடுகிறான். இந்த ஜோடியைச் சேர்த்துவைத்த புண்ணியவதி யார் என்று கேட்காதீர்கள். எனக்கு அடக்கம் அதிகம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் கார் வந்த கதைதான் இது.

ஒருநாள் பல் டாக்டரிடம் ஒரு செட்டைக் கொடுத்துவிட்டு வரப் போனாள் மருமகள். காத்திருக்கும் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கார் ரேஸ். பத்து நிமிஷத்தில் முடிந்துபோகிற ரேஸ் இல்லை, இருபத்து நான்கு மணி நேரம் ஓடுகிற ரேஸ். ஒரு காருக்கு மூன்று டிரைவர்கள், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பகல், இரவு, மழை, வெயில் எதற்கும் நிற்பதில்லை. டயர் மாற்றவும், எண்ணெய் ஊற்றவும், உடைந்ததை ஒட்டவும் மட்டும் ஓரமாக வந்துவிட்டு ஓட வேண்டும். அதிலே ஒரு வெள்ளைக் கார். இரவு மழையில் எதிலோ மோதி மூக்கு நொறுங்கிப்போயிற்று. அதே கம்பெனியின் இன்னொரு கார் அதற்கு முன்பே பழுதாகி உட்கார்ந்திருந்தது. அதன் நீல மூக்கைக் கழற்றி இதற்கு மாட்டிவிட்டார்கள். வெள்ளை உடம்பு, நீல மூக்கு, பக்கக் கண்ணாடிக்கு ஒரு பட்டை டேப், மேலெல்லாம் கரி. அந்தக் கோலத்தோடு அது ஓடியது.

டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "எம்மா, பல்லு எங்க? பேஷண்ட் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார்.

"ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க டாக்டர். டயர் மாத்த வர்றான்."

"யாரு?"

"நம்ம ஆளுதான்!"

அந்தக் கார் ஐந்தாவதாக வந்தது. அன்று முதல் அந்தக் கம்பெனி எங்கள் வீட்டில் "நம்ம கம்பெனி" ஆயிற்று. அதில் எங்களுக்கு ஒரு ஸ்குரூகூடப் பங்கு கிடையாது.

அந்தக் கம்பெனி இதுவரை நெடுநேர ரேஸுக்கு அனுப்பிய கார்கள் அத்தனைக்கும் குட்டி மாடல்கள் விற்கின்றன. நிஜக் காரில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு. உள்ளங்கையில் வைத்தால் விரல் மடக்கிக்கொள்ளலாம். அதற்குள் ஸ்டியரிங் இருக்கும், டிரைவரின் பெல்ட் இருக்கும், பெல்ட்டுக்குக் கொக்கியும் இருக்கும். மருமகள் ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தாள். விருந்தினருக்கான பீங்கான் தட்டுகள் இருந்த கண்ணாடி அலமாரி கார் கொட்டகை ஆயிற்று. தட்டுகள் என் கட்டிலுக்கு அடியில் போயின. இப்போது யாராவது சாப்பிட வந்தால் நான் முதலில் எழுந்து நிற்க வேண்டும்.

ஆனால் வாங்கிய காரை அப்படியே வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிற ரகம் இல்லை அவள். அந்த நீல மூக்குக் காரின் மாடல் வந்த அன்று, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கார் பளபளவென்று, மூக்கும் வெள்ளையாக, ரேஸ் தொடங்குகிற நேரத்தில் இருந்த மாதிரி இருந்தது.

"அத்தை, இது காகிதப் பல்லு" என்றாள். "இது எங்கயுமே ஓடல. இதுக்கு ஒண்ணுமே நடக்கல."

அவ்வளவுதான். அதே காரை இன்னொன்று வாங்கினாள். அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஐந்து. முதலாவது, தொடக்கத்தில் இருந்தபடி பளிச்சென்று. இரண்டாவது மாலையில், மூக்கில் பூச்சிகள் அடித்துச் செத்த புள்ளிகளோடு. மூன்றாவது இரவு மழையில், நீல மூக்கு மாட்டிய கையோடு. நான்காவது விடியற்காலையில், காய்ந்த சேறும் கண்ணாடியில் டேப்புமாக. ஐந்தாவது ரேஸ் முடிந்த நிமிஷத்தில், அத்தனை மணி நேரத்து எண்ணெய், கரி, டயர்த் துகள், சேறு எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு.

என் மகன் ஐந்து பெட்டிகளையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"ஒரே காரை அஞ்சு தடவ வாங்கியிருக்க."

"ஆமா."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"நம்ம கல்யாண ஃபோட்டோவுல இருக்கற நீங்களும் இப்ப நிக்கற நீங்களும் ஒண்ணா?"

"பின்ன ஒண்ணு இல்லாம?"

"போய் கண்ணாடியப் பாத்துட்டு வாங்க."

அவன் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பல்லுக்குப் போடும் பழுப்பு, சாம்பல், கறுப்புப் பொடிகளையும், பல் மெருகேற்றப் பயன்படும் கல்பொடியையும் கலந்து அவள் அழுக்கு தயாரித்தாள். நல்ல அழுக்குக்கு இவ்வளவு பக்குவம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. கொசு இறக்கை அகலத்துக்கு டேப் வெட்டி ஒட்டிய அன்று தும்மல் வந்ததாம், அடக்கிக்கொண்டாள். அந்தத் தும்மல் மறுநாள் பஸ்ஸில் வெளியே வந்தபோது டிரைவர் பிரேக் போட்டு, டயர் வெடித்ததா என்று இறங்கிப் பார்த்தார். ஐந்தாவது காருக்கு மட்டும் மூன்று மாதம் ஆயிற்று.

அத்தனை பாடும் எதற்கு என்றால், நடு மேஜைக்கு.

மாடல் கார் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஹாலில் கண்காட்சி. ஹாலின் நடுவே நீளமாய் ஒரு மேஜை. நம்ம கம்பெனியின் ரேஸ் கார்கள் அதில் வருட வரிசையில் நிற்கும். ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து வரிசையை நிரப்புவார்கள். எல்லாம் கடையில் வாங்கியபடி, பெட்டிக்குள்ளேயே. தலைவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர், இப்போது தன் பெட்டி ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. சீல் உடையாமல் வைத்திருப்பார். அதனால் சங்கத்தில் அவருக்குப் பெயர் "சீல் சார்".

பெட்டியைத் திறந்து, கையால் எதையாவது மாற்றிய கார்கள் அவர் கணக்கில் பழுதான சரக்கு. அவற்றுக்கு என்று ஓரத்தில் ஒரு மேஜை உண்டு, டாய்லெட்டுக்குப் போகிற வழியில். மருமகள் இதற்கு முன் கைவைத்த கார்கள் இரண்டு வருடம் அங்கேதான் நின்றன. முதல் வருடம் யாரோ அவற்றுக்குப் பக்கத்தில் டீ கப்பை வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அவளிடம் வந்து பேசிய அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி, லேடீஸ் எந்தப் பக்கம் என்று.

இந்த வருடம் அவள் நேராகச் சீல் சாரிடமே போய் நின்றாள். அவரும் மனிதர்தானே, கொஞ்சம் இறங்கி வந்தார். "ஞாயித்துக்கிழமை காலைல கொண்டு வாம்மா. லென்ஸ் வெச்சுப் பாப்பேன். என் கண்ணுக்கு நிஜம்னு பட்டா நடு மேஜை. பெயிண்ட் அடிச்சதுன்னு பட்டா, பழைய இடம்தான், வருத்தப்படக் கூடாது."

கண்காட்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மருமகளுக்கு லேப்பில் அரை நாள் வேலை. கிளம்பும்போது கணவனிடம், "என்னங்க, கார் எடுத்துட்டுப் போற கண்ணாடிப் பெட்டிய மட்டும் துடைச்சு வைங்க. அஞ்சாவதுக்கு இன்னும் மேல் பூச்சு அடிக்கல, பொடி அப்படியே நிக்குது, மூச்சு விட்டாக்கூடப் பறக்கும். வந்துதான் அடிக்கணும். அது பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவனும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியைத்தான் துடைத்தான். ஆனால் அவன் துடைத்தால் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அப்படித் துடைப்பான். துடைத்த துணியிலிருந்து ஒரு நூல் பிசிறு பறந்தது. பறந்து போய் ஐந்தாவது காரின் தலையில் உட்கார்ந்தது.

இடுக்கியால் அதை எடுத்தான். பிசிறோடு கொஞ்சம் கரியும் வந்துவிட்டது. கடுகளவு வெள்ளையாக ஓர் இடம் தெரிந்தது. அதை மறைக்கச் சுற்றியிருந்த கரியை லேசாக இழுத்துவிட்டான். வெள்ளை பட்டாணி அளவு ஆயிற்று. விளிம்பைச் சமன் செய்யலாமே என்று ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்தான். விளிம்பு சமன் ஆனபோது கூரை பாதி காணாமல் போயிருந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியாது. பக்கத்து அறையில் இருந்த எனக்குக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது, கூடவே சின்னதாகச் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. வேலை நன்றாக நடக்கும்போது அவன் சீட்டியடிப்பான்.

சீட்டி நடுவில் நின்றுபோனதும்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். மடித்த டவல் மேல் ஐந்தாவது கார், கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மாதிரி ஜொலித்தது. நீல மூக்கில் என் முகம் தெரிந்தது.

"அம்மா" என்றான். "கை அதுபாட்டுக்குப் போயிடுச்சும்மா."

"கதவு இடுக்குலகூட ஒண்ணும் விடல போலிருக்கே?"

"ஊசியால எடுத்தேன்."

"அடப்பாவி!"

மத்தியானம் மருமகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அத்தை, லேப்ல எல்லாரும் நாளைக்கு வர்றாங்களாம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். சத்தம் நின்றது. நான் வாசலிலேயே நின்று, முன்யோசனையாக ஜன்னல்களைச் சாத்தினேன்.

"என்னங்க இது?"

"பிசிறு..."

"பிசிறா?"

"ஒரு நூல் பிசிறு விழுந்துச்சு. அதத்தான் எடுத்தேன்."

"மூணு மாசத்த எடுத்திருக்கீங்க!"

சோப்பு வாசனை இன்னும் அவன் கையில் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவள் காரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், கதவிடுக்கைப் பார்த்தாள், சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தாள். அழுவாளோ என்று நான் பயந்தேன். அவளோ தொழில்காரியின் எரிச்சலோடு, "இவ்ளோ சுத்தமா எப்பிடிங்க கழுவினீங்க! கம்பெனிக்காரன்கூட இப்பிடி அனுப்பல!" என்றாள். அப்புறம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல ஹால் தொறக்கறாங்க. இன்னிக்கு விளக்கு வெக்கறதுக்குள்ள பூச்சு அடிச்சாகணும், அப்பதான் காயும். அத்தை, ஹேர் டிரையர எடுங்க. நீங்க," என்று கணவனைக் காட்டி, "கையைக் கட்டிக்கிட்டு அந்த வாசப்படிலயே நில்லுங்க. ஒரு அடி உள்ள வெச்சீங்கன்னா உங்க மேல அழுக்கு போடுவேன்."

எங்கள் சாப்பாட்டு மேஜை, ரேஸில் கார் பழுதுபார்க்கிற ஓரமாக மாறியது. அவள் இம்முறை பொடியைத் தண்ணீரில் குழைத்தாள், தூரிகை மாற்றினாள், நிறுத்தி மூச்சு விட்டாள். நான் ஒரு கையில் ஹேர் டிரையர், மறு கையில் ரேஸ் முடிந்தபோது எடுத்த படங்கள் உள்ள டேப்லெட் என்று நின்றேன். "அத்தை, காத்து!" என்றால் காற்று. "அத்தை, இடது பக்கம்!" என்றால் படத்தைத் தள்ள வேண்டும். ஒருமுறை பதற்றத்தில் படத்துக்குக் காற்றடித்துவிட்டு, காரை விரலால் தள்ளப் போனேன். "அத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூனை மாடியிலிருந்து மரத்துக்குத் தாவியது. அது நெடுநாளாகத் தாவ நினைத்துத் துணியாமல் இருந்த தூரம். நன்றி சொல்லக்கூட வரவில்லை.

வாசற்படியில் நின்றவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலை மாற்றி நின்றான். இன்னொரு காலை மாற்றினான். கடைசியில் தாங்க முடியாமல், "அங்க நிக்காது" என்றான்.

"என்ன நிக்காது?"

"அழுக்கு. கதவு நடுவுல போடறியே, அங்க நிக்காது. காத்து அடிக்குது, மழை அடிக்குது, அடிச்சுக்கிட்டுப் போயிடும். கதவும் உடம்பும் சேர்ற கோடு இருக்கு பாரு, அங்கதான் போய் ஒளிஞ்சுக்கும். ஸ்குரூ தலைக்குள்ள. இந்த விளிம்புக்கு அடியில. நான் ஆயிரம் கத்தரி கழுவியிருக்கேன், கத்தரிக் காலு நடுவுல ஒரு நாளும் ரத்தம் காஞ்சு நின்னதில்ல. ரெண்டு காலும் சேர்ற ஆணிக்குள்ளதான் இருக்கும். எத்தன தடவ கழுவினாலும் அங்கதான் இருக்கும், திருட்டுப் பய மாதிரி!"

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். டேப்லெட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். கதவின் நடுவில் கரி குறைவு. கதவுக் கோட்டில் மசி ஊற்றின மாதிரி கறுப்பு. ஸ்குரூ ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம்.

"ஏங்க!" என்றாள். "நான் அழகா தூவி வெச்சிருந்தேனே! மூணு மாசமா, பவுடர் போட்ட மாதிரி!"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்து என்ன பண்றது! பொய்யால்ல இருந்துருக்கு! சீல் சார் லென்ஸ வெச்ச உடனே பிடிச்சிருப்பாரு! உள்ள வாங்க. வாங்கங்கறேன்ல! இந்தாங்க பிரஷ்."

அவன் வந்து உட்கார்ந்தான். தூரிகையை வாங்கினான். கறுப்புப் பொடியில் தொட்டான். காருக்கு அருகே கொண்டுபோனான். கை நின்றுவிட்டது. வாழ்நாளில் ஒரு பொருளின் மேல் தெரிந்தே அழுக்கு வைத்ததில்லை அவன்.

"வைங்க" என்றாள் அவள்.

"வெக்கறேன் இரு."

"வைடா!" என்றேன் நான்.

வைத்தான். ஸ்குரூ தலையில் ஒரு புள்ளி. தலையைச் சாய்த்துப் பார்த்தான். இன்னொன்று. அப்புறம் கதவுக் கோடு. அப்புறம் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்கிற இடம். "இது இங்க வழிஞ்சு வரும், பாத்தியா? வந்து இந்த மடிப்புல தேங்கும். இங்க ஒருத்தன் கையை வெச்சுத் தள்ளியிருப்பான், அதனால இங்க விரல் அடையாளம்." அவன் சொல்லச் சொல்ல அவள் நிறம் கலந்து நீட்டினாள். அவள் நீட்ட நீட்ட அவன் வைத்தான். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள், வலித்ததாகத் தெரியவில்லை. எத்தனை ஆயிரம் இடுக்கிலிருந்து அவன் துரத்திய அழுக்கோ, அன்று அத்தனையும் ஒன்றுகூடி வந்து அவன் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்தச் சீட்டி கேட்டது.

வெளிச்சம் மங்குவதற்குள் மேல் பூச்சு அடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நாங்கள்தான் முதல் ஆள். மருமகள் கண்ணாடிப் பெட்டியை நடு மேஜையின் முனையில் வைத்து, மேல் மூடியை எடுத்துவிட்டு நின்றாள். அவள் கை சும்மா இருக்காமல் காரைத் தொடப் போவதைப் பார்த்து நான் என் கைப்பையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்துசேர, சீல் சார் அந்தப் பக்கத்தில் மற்றவர்களின் பெட்டிகளை வருட வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தார். சட்டைப் பையில் லென்ஸ், இடது கையில் தூசி தட்டும் மென்மையான ஒரு பிரஷ். யாரிடமோ பேசிக்கொண்டே, எதிரே நிற்பது யார் என்று பார்க்காமல் வந்தவர் எங்கள் பெட்டியிடம் வந்ததும் குனிந்தார். முகம் சுளித்தது.

"யாருப்பா இது, ஷோவுக்குக் கொண்டு வர்ற காரை இப்பிடித் தூசி படிய..." என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷை ஐந்தாவது காரின் தலைக்கு நேராக நீட்டினார்.

"தொடாதீங்க சார்!"

அப்படிக் கத்தியது என் மகன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தியதோடு நில்லாமல் சீல் சாரின் மணிக்கட்டையும் பிடித்துவிட்டான். சுங்க அதிகாரியின் கையை இதற்கு முன் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். அவர் கையைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார், மெல்லக் கீழே குனிந்து காரைப் பார்த்தார். லென்ஸை எடுத்தார். கதவுக் கோட்டில் வைத்தார். ஸ்குரூவில் வைத்தார். சக்கரத்துக்குப் பின்னால், விளிம்புக்கு அடியில். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. என் வயதுக்கு அது ஆபத்து.

"இது பெயிண்டா?" என்றார்.

"பொடி சார்" என்றாள் மருமகள்.

"நான் தூசின்னுல்ல நெனச்சேன்" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்திருப்பார், தலைவர் ஆயிற்றே. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. சொன்ன சொல்லு மாற மாட்டேன். நடு மேஜை. ஆனா ஒரு காருக்கு ஒரு இடம்தான், அது விதி. அஞ்சுல ஒண்ணு எடுத்து வைம்மா."

மருமகளின் முகம் மலர்ந்து, பாதியில் அப்படியே நின்றது. ஐந்தையும் பார்த்தாள். கைப்பையை இறுக்கினாள். ஐந்தாவதைத் தனியே வைத்தால் அழுக்குக் கார். முதலாவதைத் தனியே வைத்தால் கடையில் கிடைப்பது.

"ஒண்ணு மட்டும் வெச்சா அர்த்தமில்ல சார்" என்றாள். "அதுக்கு நான் அந்த டாய்லெட் பக்கமே வெச்சுக்கறேன்."

"விதிம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

வீட்டில் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற என் மகன் அப்போது பேசினான். அவர் மணிக்கட்டை இன்னும் விட்டிருக்கவில்லை. "சார், நீங்க சொல்றது சரி. ஒரு காருக்கு ஒரு இடம்தான். இதுவும் ஒரு கார்தான் சார். மத்தியானம் கிளம்பி மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்துச்சு. வர்ற வழில அஞ்சு தடவ பாத்திருக்கோம், அவ்வளவுதான்."

சீல் சார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரில, கருவி எல்லாம் கழுவற வேலை சார்."

"கழுவற ஆளா இதுக்கு வக்காலத்து!" என்று இந்த முறை அவரே சிரித்துவிட்டார். "சரி, ஒரு கார்னுதானே சொல்றீங்க? அப்ப பேர்ச்சீட்டும் ஒண்ணுதான் தருவேன். அஞ்சு கேக்கக் கூடாது."

"ஒண்ணு போதும் சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் என் கைப்பை கீழே விழுந்தது.

ஐந்து காருக்கு இடம் வேண்டுமே. நீள மேஜை முழுக்க ஏற்கனவே அடைத்துக்கொண்டு பெட்டிகள். சீல் சார் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு கை தட்டினார். "எல்லாரும் அவங்கவங்க பெட்டிய ஒரு கை அளவு வலப்பக்கம் தள்ளுங்கப்பா! பாத்து, மெதுவா!" வழுக்கைத் தலையர், தாடிக்காரர், டை கட்டிய பேங்க் மேனேஜர், எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஷன்டிங் அடிக்கிற ரயில் போலப் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். கடைசியில் நின்றவர் பெட்டியோடு மேஜையை விட்டே வெளியே வந்துவிட்டார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கிட்டயும் மழையில ஓடினது ஒண்ணு இருக்கு" என்று என் மகனிடம் ரகசியமாக ஆரம்பித்திருந்தார்.

நடுவில் பிறந்த இடைவெளியில் மருமகள் ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசியாக ஐந்தாவது. வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் வந்து, என் தோள் மேல் இடித்து நின்றாள்.

பார்வையாளர்களுக்கு ஹாலைத் திறந்தார்கள். கூட்டம் உள்ளே வந்தது. யாரோ ஒரு பெண், கார்களில் அதிக அக்கறை இல்லாதவள் போல, கணவனுக்குப் பின்னால் மேஜை ஓரமாக நடந்துகொண்டே வந்தாள். முதலாவதைக் கடந்தாள். இரண்டாவதில் நடை குறைந்தது. நான்காவதில் நின்றாள். ஐந்தாவதன் முன் குனிந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அய்யோ பாவம், ராத்திரியெல்லாம் ஓடியிருக்கு."

மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுத்த இரண்டு நாள் அந்த இடத்தில் அவள் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.

"அத்தை! கேட்டீங்களா? ஓடியிருக்குங்கறாங்க அத்தை, ஓடியிருக்குங்கறாங்க!"